உங்களுக்குத் தெரியுமா? புளியறை வளைவும் நேர்ரோடும்

■ செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிற தேசிய நெடுஞ்சாலை 744இல், புளியறையைத் தாண்டியதும் மலை ஏற்றம் ஆரம்பித்துவிடும். அங்குள்ள ‘எஸ்’ வளைவை அறியாத லாரி டிரைவர் இந்தத் தடத்தில் இருக்க முடியாது. முதல்முறை கார் ஓட்டி வருகிறவர் அங்கே ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிப்பார். பக்கத்தில் இருப்பவர் பேச்சை நிறுத்திவிடுவார். மலை, வளைவு, மழை, நடுராத்திரி. சாலைச் சாவு என்றதும் நம் மனதில் வருகிறவை இவைதான். ஆனால் 2022இல் இந்தியாவில் நடந்த விபத்துகளில் சுமார் 67 சதவீதம் நேரான சாலையில்தான் நடந்தன. வளைவு, குழி, செங்குத்துச் சரிவு மூன்றையும் கூட்டினால்கூட 14 சதவீதம் வரவில்லை. நான்கில் மூன்று பங்கு விபத்துகள் நடந்தபோது மழையும் இல்லை, மூடுபனியும் இல்லை. வானம் தெளிவாகவே இருந்தது.

நாட்டில் நேரான சாலைதானே அதிகம், கணக்கும் அங்கேதான் அதிகம் இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இந்தப் பாதையில் தினமும் போய்வருகிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். எஸ் வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிற அதே வண்டி, செங்கோட்டை தாண்டி தென்காசி, கடையநல்லூர் நேர்ரோட்டைப் பிடித்ததும் 90ஐத் தொடுகிறது. வளைவில் இருந்த பயம் அங்கே இல்லை.

■ தென்காசி மாவட்டத்தை உலுக்கிய அண்மைக்கால விபத்துகள் இரண்டும் சமவெளியில் நடந்தவை. 2024 ஜனவரி 28 அதிகாலை, குற்றாலத்தில் குளித்துவிட்டுக் காரில் வீடு திரும்பிய புளியங்குடி இளைஞர்கள் 6 பேர், சிமெண்ட் லாரியோடு மோதி இறந்தார்கள். 2025 நவம்பர் 24 அன்று இடைகால் அருகே இரண்டு தனியார் பஸ்கள் நேருக்கு நேர் மோதின. அன்றே 6 உயிர்கள் போயின; அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முதல் விபத்து தூக்கமில்லாத அதிகாலையில், இரண்டாவது பட்டப்பகலில். இரண்டிலும் மலை இல்லை.

■ அப்படியானால் எஸ் வளைவு பாதுகாப்பானதா? இல்லவே இல்லை. 2024 பிப்ரவரி 25, நள்ளிரவு தாண்டிய நேரம். கேரளத்திலிருந்து பாரம் ஏற்றிக்கொண்டு இறங்கிய லாரி ஒன்று அந்த வளைவில் உருண்டு, கீழே செங்கோட்டை – கொல்லம் ரயில் பாதையில் விழுந்தது. டிரைவர் இறந்துவிட்டார். சத்தம் கேட்டு எழுந்து வந்த ஒரு முதிய தம்பதி, தண்டவாளத்தில் லாரி கிடப்பதைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் ஒரு ரயில் வந்துகொண்டிருந்தது. இருவரும் டார்ச் விளக்கோடு தண்டவாளத்தில் ஓடி, வெளிச்சத்தை ஆட்டி ரயிலை நிறுத்தினார்கள். தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களைப் பாராட்டி 5 லட்சம் ரூபாய் வழங்கினார். நாடே அந்தத் தம்பதியைப் பற்றிப் பேசியது, பேசத்தான் வேண்டும். அந்த டிரைவரின் சாவு மட்டும் அந்த ஆண்டின் கணக்கில் ஓர் எண்ணாகச் சேர்ந்தது.

அந்த ஆண்டின் கணக்கு என்ன? இந்தியச் சாலைகளில் சுமார் 1.77 லட்சம் பேர். அதற்கு முந்தைய 2023இல் 1.72 லட்சத்துக்கு மேல். 2022இல் 1,68,491 பேர். அதாவது ஒரு நாளைக்கு 462 பேர், மணிக்கு 19 பேர்.

■ புளியறை சோதனைச்சாவடியைத் தாண்டி கோட்டைவாசல் ஏறினால் கேரளம். அதே மலை, அதே தார், பல நேரங்களில் அதே டிரைவர். ஆனால் கணக்கு மாறிவிடுகிறது. 2022இல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் நடந்தன. இந்தியாவிலேயே அதுதான் அதிகம். அவற்றில் இறந்தவர்கள் 17,884 பேர். கேரளத்தில் அதே ஆண்டு 43,910 விபத்துகள். இறந்தவர்கள் 4,317 பேர். நம் பக்கம் 100 விபத்துக்கு 28 சாவு, அந்தப் பக்கம் 10 சாவு. உத்தரப் பிரதேசத்தில் 100 விபத்துக்கு 54 பேர் இறந்தார்கள்.

கேரளத்தில் சின்ன உரசலைக்கூட போலீசில் பதிவு செய்துவிடுவார்கள், அதனால்தான் விகிதம் குறைவாகத் தெரிகிறது என்று சொல்வதுண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். சரி, விபத்து எண்ணிக்கையை விட்டுவிடுவோம், மக்கள்தொகையை வைத்துப் பார்ப்போம். லட்சம் பேருக்குக் கேரளத்தில் சுமார் 12 பேர் இறந்தார்கள், தமிழ்நாட்டில் சுமார் 23 பேர். அப்போதும் நாம் இரண்டு மடங்கு. மக்கள்தொகைக்கு வண்டி எத்தனை என்று பார்த்தாலும் கேரளம் நமக்குக் குறைந்ததில்லை. அங்கே வீடும் கடையும் இடைவெளி இல்லாமல் ரோட்டை ஒட்டியே வருகின்றன. சாலை குறுகல், நெரிசல் அதிகம், வேகம் எடுக்க இடமில்லை. அடிபட்டவரைச் சேர்க்க மருத்துவமனையும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கிறது. நமக்கு அகலமான, நேரான, நல்ல சாலைகள் வாய்த்திருக்கின்றன. அந்த நல்ல சாலையில் எந்த வேகத்தில் போகிறோம் என்பதில்தான் சிக்கல்.

■ 2023 ஜூன் 5 முதல் கேரளச் சாலைகளில் 726 கேமராக்கள் வழியாக அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். ஹெல்மெட் இல்லை, சீட் பெல்ட் இல்லை, போன் பேசினார் என்றால் போலீஸ்காரர் நிறுத்தாமலே வீட்டுக்கு நோட்டீஸ் வரும். அந்த ஆண்டு அங்கே இறந்தவர்கள் 4,080 பேர், முந்தைய ஆண்டைவிட 237 பேர் குறைவு. அது முழுக்க கேமராவால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே 2023இல் தமிழ்நாட்டின் எண்ணிக்கை 18,347 ஆக ஏறியது.

■ இறப்பவர்கள் யார்? இதற்கான பதில் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. அதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். 2022இல் இறந்தவர்களில் 85 சதவீதத்துக்கு மேல் ஆண்கள். மூன்றில் இரண்டு பங்கு 18இலிருந்து 45 வயதுக்குள். 44.5 சதவீதம் பேர் பைக், ஸ்கூட்டரில் போனவர்கள். 19.5 சதவீதம் பேர் எந்த வண்டியிலும் இல்லை, நடந்து போனவர்கள். 2023இலும் கிட்டத்தட்ட அதே பங்குதான்.

காரில் போய் இறந்தவர்கள் எட்டில் ஒருவர். பத்திரிகையில் படம் வருவது பெரும்பாலும் நொறுங்கிய காருக்குத்தான். நடந்துபோனவரின் செருப்புக்குப் படம் வருவதில்லை.

18 வயது நிரம்பாதவர்கள் எத்தனை பேர்? 2022இல் மட்டும் 9,528 பேர். ஒரு நாளைக்கு 26 பிள்ளைகள்.

■ நகரத்தில்தானே நெரிசல், அங்கேதானே சாவு அதிகம் என்று தோன்றும். ஆனால் 2022இல் சாலையில் இறந்தவர்களில் சுமார் 68 சதவீதம் பேர் கிராமப்புறச் சாலைகளில் இறந்தார்கள். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலை 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். சாவில் அதன் பங்கு 36 சதவீதம். ஒரு தேசிய நெடுஞ்சாலை ஒரு கிராமத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கான விடை இந்த இரண்டு எண்களிலும் இருக்கிறது. புளியறை அப்படிப்பட்ட ஊர்தான். வீடு ஒரு பக்கம், வயல் மறுபக்கம். பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் அந்த ரோட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

■ விபத்து அதிகம் நடக்கிற நேரம் நடுராத்திரி இல்லை. மாலை 6 மணி முதல் 9 மணி வரை. ஐந்தில் ஒரு விபத்து அந்த மூன்று மணி நேரத்தில் நடக்கிறது. அதற்கடுத்தது பிற்பகல் 3 முதல் 6 வரை.

புளியறைப் பக்கம் ஒரு சாயங்காலம் ஆறரை மணிக்கு ரோட்டோரம் நின்று பார்த்தால் காரணம் புரிந்துவிடும். சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும். மேற்கே மலை இருக்கிற ஊர்களில் அந்தி சமவெளியைவிட முன்னதாக வரும். பாதி வண்டிகளில் ஹெட்லைட் எரியும், பாதியில் எரியாது. வயலிலிருந்து திரும்புகிற பெண்கள் தலையில் புல்லுக்கட்டோடு வெள்ளைக்கோட்டின் மேல் வரிசையாக நடப்பார்கள். மண் ஓரத்தில் நடக்க முடியாது. தார் உயரமாகவும் மண் பள்ளமாகவும் இருக்கும். சாரல் காலமாக இருந்தால் சேறு வேறு. பழைய சேலையின் நிறம் அந்த நேரத்து ரோட்டின் நிறத்தோடு கலந்துவிடும். எதிரே வருகிற லாரி டிம் அடிக்காமல் வந்தால், கூசிய கண்ணுக்கு இரண்டு மூன்று நொடி ஒன்றும் தெரியாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி என்றால் 50 மீட்டர். அந்த 50 மீட்டரும் டிரைவர் யாரையும் பார்க்காமல்தான் போகிறார்.

மண் ஓரத்தைத் தார் மட்டத்துக்கு உயர்த்துவது பெரிய செலவு இல்லை. ஊர் எல்லைக்குள் மட்டும் நடைபாதையும் நாலு விளக்கும் போடுவதும் அப்படித்தான். நெடுஞ்சாலைத் துறையிடம் கிராமசபை கேட்க வேண்டிய முதல் விஷயம் இதுதான் என்பேன்.

■ வேகத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன, ஒன்று 60இல், இன்னொன்று 80இல். குறுக்கே ஒரு பையன் ஓடி வருகிறான். இருவருமே ஒரே நொடியில் பார்த்து, ஒரு நொடி கழித்து பிரேக்கை முழுதாக மிதிக்கிறார்கள். காய்ந்த ரோடு, நல்ல டயர். 60இல் வந்த கார் சுமார் 37 மீட்டரில் நின்றுவிடும். அதே இடத்தைக் கடக்கும்போது 80இல் வந்த கார் என்ன வேகத்தில் இருக்கும்? 20 என்பார்கள் பலர், 30 என்பார்கள் சிலர். விடை சுமார் 60. ஒரு காரின் முன்னால் பையன் உயிரோடு நிற்கிறான். இன்னொன்று அவனை 60 கிலோமீட்டர் வேகத்தில் இடிக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் இடிபடுவது, சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது இது: சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால், உயிர்போகும் விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது. இந்தியாவில் 2022இல் இறந்தவர்களில் 71 சதவீதம் பேரின் சாவுக்கு போலீஸ் எழுதிய காரணம் அதிவேகம்.

■ கொரோனா ஊரடங்கு ஆண்டான 2020இல் விபத்துகள் 18 சதவீதம் குறைந்தன. ஆனால் சாவு 13 சதவீதம்தான் குறைந்தது. ரோடு காலியாக இருந்தது. இருந்த சில வண்டிகள் வேகமாகப் போயின.

■ மலையிலிருந்து லாரி இறக்குகிற பழைய டிரைவர்கள் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம்: எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரிலேயே இறங்கு. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு இறக்கினால் வண்டியின் முழு எடையும் பிரேக் மேல் விழும். தொடர்ந்து மிதிக்க மிதிக்க டிரம் சூடேறும், லைனர் கருகும் வாடை வரும். அதற்குப் பிறகு மிதித்தால் மிதி போகும், பிடிப்பு வராது. கியரில் இறங்கும்போது வேகத்தைக் கட்டுவது எஞ்சின். பிரேக் அவசரத்துக்குக் கைவசம் இருக்கும்.

இதோடு ஓவர்லோடும் சேர்ந்தால்? தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் புளியறை வழியாகத்தான் கேரளம் போகின்றன. இதை எதிர்த்து இந்தப் பகுதி மக்கள் பலமுறை போராட்டம் நடத்தியிருக்கிறார்கள். 10 சக்கர லாரிக்கு வண்டி எடையும் சேர்த்து 25 டன் என்றிருந்த வரம்பை 2018இல் மத்திய அரசு 28.5 டன்னாக உயர்த்தியது. அந்த உயர்ந்த வரம்பையும் மீறினால் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதலாக ஏற்றியதை அங்கேயே இறக்கிய பிறகுதான் வண்டி நகர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. சட்டம் போதுமான அளவு கடுமையாகவே இருக்கிறது. எடைமேடையில் அது ஒவ்வொரு வண்டிக்கும், ஒவ்வொரு இரவும் நடக்க வேண்டும்.

■ உலகில் மோட்டார் கார் மோதி இறந்த முதல் பாதசாரிகளில் ஒருவர் லண்டனைச் சேர்ந்த பிரிட்ஜெட் டிரிஸ்கோல். 1896 ஆகஸ்ட் 17. கார் மணிக்கு நாலு மைல் வேகத்தில்தான் போனதாக ஓட்டியவர் சொன்னார். இப்படி ஒன்று இனி நடக்கக் கூடாது என்று விசாரித்த அதிகாரி சொன்னதாகப் பதிவு உண்டு. இன்று உலகில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலையில் இறக்கிறார்கள். 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் சாவுக்கு உலக அளவில் முதல் காரணம் சாலை விபத்துதான், எந்த நோயும் அல்ல.

■ 1949இல் ஸ்மீட் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் 20 நாடுகளின் கணக்கை வைத்து ஒரு சூத்திரம் கண்டார். ஒரு நாட்டின் மக்கள்தொகையும் வண்டி எண்ணிக்கையும் தெரிந்தால், ஆண்டுக்கு எத்தனை பேர் சாலையில் இறப்பார்கள் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். வண்டி பெருகப் பெருக, வண்டிக்கு இத்தனை சாவு என்ற விகிதம் குறையும், மொத்தச் சாவு கூடும். இதைப் படித்த பலர் இது ஏதோ இயற்கை விதி, நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அது தவறு என்று ஜப்பான் காட்டியது. 1970இல் அங்கே 16,765 பேர் சாலையில் இறந்தார்கள். பிறகு நடைபாதை, சிக்னல், தடுப்பு, குடித்துவிட்டு ஓட்டுபவர்களுக்குக் கடும் தண்டனை என்று விடாமல் செய்தார்கள். வண்டிகள் பல மடங்கு பெருகின. 2023இல் இறந்தவர்கள் 2,678 பேர். 12 கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டில் ஓர் ஆண்டு முழுக்க 2,678 பேர். ஏழரைக் கோடி மக்கள் உள்ள தமிழ்நாட்டில் அதே ஆண்டு 18,347 பேர்.

■ இந்தியாவில், விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால்தான் அது சாலைச் சாவு என்று கணக்கில் வரும். தலையில் அடிபட்டு இரண்டு மாதம் படுக்கையில் கிடந்து இறந்தவர் இந்தப் புள்ளிவிவரத்தில் இல்லை. கால் போய்க் கடைசிவரை எழுந்திருக்காதவரும் இறந்தவர் கணக்கில் வருவதில்லை. 2021இல் இந்தியப் போலீஸ் கணக்கு 1,53,972. அதே ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 2.16 லட்சத்துக்கு மேல்.

■ ஓர் இடத்தை ‘விபத்துப் பகுதி’ என்று அரசு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில் சாவோ பலத்த காயமோ ஏற்பட்ட விபத்து 5 நடந்திருந்தால், அல்லது 10 பேர் இறந்திருந்தால் அந்த இடம் ‘பிளாக் ஸ்பாட்’. அதாவது, ஓர் இடம் ஆபத்தானது என்று அரசு ஏற்றுக்கொள்வதற்குள் அங்கே பல குடும்பங்களில் இழவு விழுந்திருக்கும். ஊர்க்காரர்களுக்கு முதல் விபத்துக்கு முன்பே அந்த இடம் தெரிந்திருக்கும்.

இப்போது ஒவ்வொரு விபத்தையும் போலீசார் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு செயலியில் பதிவு செய்கிறார்கள். அந்த மென்பொருளை உருவாக்கியதில் சென்னை ஐஐடிக்குப் பங்கு உண்டு.

■ நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் பெயரில் இருப்பவர் தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே.பாலு. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. பிறகு நகராட்சி எல்லைக்குள் தளர்வு வந்தது.

■ ஹெல்மெட் போடாததால் 2022இல் இந்தியாவில் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். ஓட்டுகிறவருக்குத்தான் ஹெல்மெட் என்ற எண்ணம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. கணவர் ஹெல்மெட்டோடு, மனைவி வெறும் தலையோடு, இருவருக்கும் நடுவில் பிள்ளை. இந்தக் காட்சியைத் தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கம் எந்த நாளும் பார்க்கலாம். சட்டப்படி 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் பைக்கில் ஹெல்மெட் போட வேண்டும். 4 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைக் கூட்டிப் போனால் வேகம் 40ஐத் தாண்டக் கூடாது. சரியாகப் பட்டை மாட்டிய ஹெல்மெட் சாவுக்கான வாய்ப்பை ஆறில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பட்டை மாட்டாத ஹெல்மெட், தலை தரையில் மோதுவதற்கு முன்பே கழன்று போயிருக்கும்.

காரில் பின் சீட்டில் இருப்பவர்களுக்கும் இதே கதை. சீட் பெல்ட் போடாமல் அந்த ஆண்டு இறந்த 16,715 பேரில் பாதிப்பேர் ஓட்டாதவர்கள்.

■ அடிபட்ட பிறகு வரும் முதல் ஒரு மணி நேரத்தை ‘பொன்னான நேரம்’ என்று மோட்டார் வாகனச் சட்டமே வரையறுக்கிறது. புளியறையில் அடிபட்டால் முதலில் செங்கோட்டை, அடுத்து தென்காசி அரசு மருத்துவமனை. தலைக்காயம் பெரிதாக இருந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. புளியறையிலிருந்து அது சுமார் 70 கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் வந்து, ஏற்றி, அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதற்குள் அந்த ஒரு மணி நேரம் முடிந்துவிடும். அதனால்தான் பக்கத்து மருத்துவமனையில் ரத்தப்போக்கை நிறுத்தி, மூச்சுப்பாதையைச் சரிசெய்து அனுப்புவது அவ்வளவு முக்கியம்.

அந்தப் பக்கத்து மருத்துவமனை தனியாருடையதாக இருந்தால் பணத்துக்கு என்ன செய்வது? தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் இதற்காகத்தான். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்; தொடங்கியபோது வரம்பு ஒரு லட்சம் ரூபாய். எல்லையோரம் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: விபத்து தமிழ்நாட்டுக்குள் நடந்தால் போதும். அடிபட்டவர் கேரளத்துக்காரராக இருந்தாலும், சபரிமலைக்குப் போகிற ஆந்திர பக்தராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் சிகிச்சை உண்டு. 2025 மே முதல் மத்திய அரசும் நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது: 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை.

■ மோதிவிட்டு நிற்காமல் போன வண்டிகளால் 2022இல் இறந்தவர்கள் 30,486 பேர். வண்டி எண் தெரியாததால் இழப்பீடே கிடையாது என்று பல குடும்பங்கள் சும்மா இருந்துவிடுகின்றன. அது சரியல்ல. 2022 ஏப்ரல் 1 முதல், அடையாளம் தெரியாத வண்டி மோதி இறந்தால் 2 லட்சம் ரூபாய், பலத்த காயம் என்றால் 50,000 ரூபாய் உண்டு. அதற்கு முன் சாவுக்கு 25,000 ரூபாய்தான் இருந்தது. எஃப்.ஐ.ஆர். நகலோடு உங்கள் பகுதி வருவாய்த் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். இப்படி யாரையாவது இழந்த வீடு உங்கள் தெருவில் இருந்தால், இதைப் போய்ச் சொல்லுங்கள்.

■ ‘ஆஸ்பத்திரியில் சேர்த்தால் நம்மைத்தான் பிடித்து உட்காரவைப்பார்கள்’ என்ற பயம் நம் ஊரில் பல பேரை ஒதுங்கிப் போக வைத்திருக்கிறது. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பயத்துக்கு இடமில்லாமல் செய்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவும் அதையே உறுதிசெய்தது. அடிபட்டவரைக் கொண்டு சேர்ப்பவர் தன் பெயரையோ முகவரியையோ சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மருத்துவமனையில் காத்திருக்கச் சொல்லவோ, பணம் கட்டச் சொல்லவோ முடியாது. சாட்சி சொல்வதும் அவர் விருப்பம். பலத்த காயம்பட்டவரைப் பொன்னான நேரத்துக்குள் சேர்த்தவருக்கு மத்திய அரசு தரும் வெகுமதி 2025இல் 25,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது.

ரோட்டில் யாராவது விழுந்து கிடப்பதைப் பார்த்தால் வண்டியை ஓரங்கட்டுங்கள், பின்னால் வருகிற வண்டிக்குத் தெரியும்படி விளக்கைப் போடுங்கள், 108ஐ அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033க்கும் சொல்லலாம். இடத்தைச் சொல்லத் தெரியாவிட்டால் பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்துச் சொல்லுங்கள்.